வரைந்து வைத்த மண்கலங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடம் ஒன்று உண்டு. இத்தாலிய ஓவியர்கள் தீட்டிய திருவுருவங்களும் டச்சு ஓவியர்கள் தீட்டிய முகங்களும் அதன் சுவர்களை அணிசெய்கின்றன. அதே கலைக்கூடத்தின் காப்பறைகளில் ஏறத்தாழ 18,000 நீர்வண்ண ஓவியத் தாள்கள் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன. அத்தாள்களில் அரசர் இல்லை, தேவதைகள் இல்லை, மலையும் கடலும் இல்லை. ஊறுகாய்ச் சாடி இருக்கிறது. வெண்ணெய் கடையும் மண்கலம் இருக்கிறது. பணியாரம் சுடும் தட்டு, குழந்தையின் பொம்மை, பாட்டி தைத்த போர்வை, முற்றத்து நாற்காலி ஆகியவை இருக்கின்றன. 'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' என்பது அத்தொகுதியின் பெயர். அமெரிக்க வடிவத் தொகுதி என்று நாம் அதைத் தமிழில் அழைக்கலாம்.

அடுக்களைச் சாடியைப் படமாக வரைந்து ஒரு நாடு ஏன் கருவூலத்தில் வைக்க வேண்டும்? அதற்கும், பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைச்சரிவிலும் வாழும் தமிழருக்கும், பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்கும் என்ன தொடர்பு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மூடப்பட்டன, வங்கிகள் வீழ்ந்தன. 1933-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி நின்றார். நெசவாளியும் தச்சரும் பட்டினி கிடக்கும் நாளில் ஓவியரைப் பற்றிக் கேட்பார் யார்? ஆயினும் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் அரசாங்கம் 1935-ல் தொடங்கிய வேலை வாய்ப்புத் திட்டத்தில் ஓவியருக்கும் ஓர் இடம் ஒதுக்கிற்று. சாலை போடுவோருக்குக் கூலி தருவது போலப் படம் வரைவோருக்கும் வாரக் கூலி தரப்பட்டது.

அந்நாளில் நியூயார்க் பொது நூலகத்தின் படத் தொகுப்புப் பிரிவுக்கு ரொமானா ஜாவிட்ஸ் என்னும் அம்மையார் தலைமை வகித்தார். அமெரிக்கப் பழம்பொருள்களின் வடிவங்களைத் தேடி வரும் ஓவியர்களுக்கு எடுத்துக் கொடுக்கத் தம் நூலகத்தில் போதிய படங்கள் இல்லை என்பதை அவர் கண்டார். ஐரோப்பிய நாடுகளின் அணிவேலைகளைக் காட்டும் நூல்கள் அடுக்கடுக்காக இருந்தன. சொந்த நாட்டு மக்கள் புழங்கிய பொருள்களைக் காட்டும் நூல் இல்லை. துணிகளுக்கு வடிவம் வரையும் கலைஞரான ரூத் ரீவ்ஸ் அம்மையாரோடு கலந்து பேசியதன் பயனாக, வேலையற்ற ஓவியர்களைக் கொண்டே அக்குறையை நீக்கலாம் என்னும் எண்ணம் உருவாயிற்று. ரூத் ரீவ்ஸ் என்னும் இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இப்பேச்சில் அவரை மீண்டும், நம் நாட்டிலேயே, சந்திக்கப் போகிறோம்.

1935 முதல் 1942 வரை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பல நூறு ஓவியர்கள் இப்பணியில் ஈடுபட்டனர். 1943-ல் அத்தொகுதி தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. அவர்கள் வரைந்த முறை கவனிக்கத்தக்கது. பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பண்டை எகிப்தியப் பொருள்களை வரைந்து பழகிய சுசான் சாப்மன் என்பவர் அம்முறையைக் கற்பித்தார். வண்ணத்தை நீரில் மெல்லியதாகக் கரைத்து, ஒரு பூச்சு உலர்ந்தபின் அதன்மேல் மறு பூச்சு என்று அடுக்கடுக்காகத் தீட்டுவர். ஒரு சாடியை வரைய நாட்கள் பல, சில வேளைகளில் வாரங்கள் பல, செல்லும். பொருளின் அழகைக் கூட்டவும் கூடாது. குறையை மறைக்கவும் கூடாது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அதுவும் தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்புத் தாள் இணைக்கப்பட்டது. பொருளின் உயரம் என்ன, அகலம் என்ன, எதனால் ஆனது, எப்பொழுது செய்யப்பட்டது, யாரிடம் உள்ளது என்பன அதில் எழுதப்பட்டன.

புகைப்படக் கருவி இருக்கும்போது தூரிகை எதற்கு என்று அன்றே வினவியவர் உண்டு. வண்ணப் புகைப்படம் அந்நாளில் இளம் பருவத்தில் இருந்தது, செலவு மிகுந்தது, நிறம் நிலைப்பது ஐயம். ஆயின் காரணம் அஃது ஒன்றே அன்று. கருவி நொடியில் பார்த்து விடுகிறது. வரைபவனோ பொருளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவனாகிறான். கைப்பிடி எந்த இடத்தில் ஒட்டப்பட்டது, களிமண்ணில் விரல் அழுந்திய தடம் எங்கே முடிகிறது என்பவற்றையெல்லாம் அறியாமல் அவன் தூரிகை நகராது.

அப்படங்களுள் மண்கலங்கள் ஒரு பெரும் பகுதி. யோலாந்த் தெலசேர் என்னும் ஓவியர் மட்டுமே பல சாடிகளையும் கூசாக்களையும் வரைந்திருக்கிறார். சாம்பல் நிறச் சாடி. அதன் வயிற்றில் நீல வண்ணத்தில் ஒரு பறவையோ பூங்கொத்தோ. தோளில் அதன் கொள்ளளவைக் குறிக்கும் எண். இத்தகைய சாடிகளை மிக உயர்ந்த வெப்பத்தில், 1,200 பாகைக்கு மேல், சுடுவர். சூளை உச்ச வெப்பம் எய்தியதும் உப்பை அள்ளி உள்ளே எறிவர். உப்பு ஆவியாகி, களிமண்ணில் உள்ள மணற்சத்தோடு கூடிக் கண்ணாடி போன்ற ஒரு மெருகாகப் படியும். அதன் மேற்புறம் ஆரஞ்சுப் பழத்தின் தோல் போலச் சிறு குழிகள் உடையதாக இருக்கும். உப்பும் புளிப்பும் அதனுள் ஊறா. ஆதலின் இறைச்சியை உப்பிட்டு வைக்கவும் காய்களை ஊறப்போடவும் அமெரிக்கக் குடியானவர் அதை நாடினர். அதற்கு முன் வழங்கிய செம்மண் கலங்களுக்குக் காரீயம் கலந்த மெருகு பூசுவது வழக்கம். புளிப்புப் பட்டால் அக்காரீயம் உணவில் கலந்து நஞ்சாகும். அதனை உணர்ந்த மக்கள் மெல்ல மெல்ல உப்பு மெருகுச் சாடிக்கு மாறினர். ஒரு சாடியின் படத்துக்குப் பின்னால் மக்களின் உணவும் உடல்நலமும் கல்வியும் மறைந்து நிற்கக் காண்கிறோம்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். பாலக்காட்டுத் தமிழர் இல்லங்களிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் வந்த நேயர்கள், இச்செய்தியைக் கேட்டவுடன் தங்கள் வீட்டு உக்கிராண அறையில் இருந்த பரணியை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மையுமாக, மெருகேறிய அப்பரணியில்தான் மாவடு உப்பில் கிடந்து சுருங்கிற்று. துணியால் வாய் கட்டி, ஓராண்டுக்கு அதைத் திறந்து மூடினர். அமெரிக்கக் குடியானவன் மனைவிக்கும் பாலக்காட்டுப் பாட்டிக்கும் ஒரே தேவை எழுந்தது. இருவருக்கும் களிமண்ணும் நெருப்பும் ஒரே விடையைத் தந்தன.

ஆயின் பரணி, வாங்கிப் பேணும் பொருள். அன்றாடம் அடுப்பில் ஏறியது மண்பானையும் மண்சட்டியுமே. இவற்றுக்கு மெருகு இல்லை. உருவமும் அமெரிக்கச் சாடிக்கு மாறானது. அமெரிக்கச் சாடி தரையிலும் பலகையிலும் நிற்க வேண்டியது. ஆதலின் அடி தட்டை. நம் பானை மூன்று கல் அடுப்பின்மீது அமர வேண்டியது. ஆதலின் அடி உருண்டை. உருண்ட அடியைத் தீ எப்புறமும் ஒரே சீராகத் தழுவும். கோணமுள்ள அடி வெப்பத்தில் விரிந்து பிளக்கும். அடுப்பிலிருந்து இறங்கிய பானை பிரிமணையில் அமரும். உறியில் தொங்கும் கலயத்துக்கும் உருண்ட அடியே பொருந்தும்.

இவ்வுருண்டை அடி சக்கரத்தில் பிறப்பதன்று என்பதைப் பலர் அறியார். சக்கரத்தில் வனைந்து நூலால் அறுத்து எடுக்கும்போது பானையின் வாயும் கழுத்தும்தான் முடிந்திருக்கும். அடியோ தடித்து, அல்லது திறந்து, கிடக்கும். பாதி உலர்ந்தபின், உள்ளே வழுவழுப்பான ஒரு கல்லை ஒரு கையால் தாங்கி, வெளியே மரத்தட்டால் மறு கை தட்டித் தட்டி அடியை மூடி மெல்லிதாக்கும். பல ஊர்களில் இத்தட்டும் வேலையைப் பெண்களே செய்வர். பின்னர் காவிக் குழம்பு பூசி, விறகும் வைக்கோலும் அடுக்கிய சூளையில் சுடுவர். காற்றுப் புகுந்தால் பானை சிவக்கும். காற்றை அடைத்துப் புகையை உள்ளே நிறுத்தினால் கறுக்கும். ஒரே மண், ஒரே சூளை, காற்றின் வழியைத் திறப்பதிலும் அடைப்பதிலும் நிறம் இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாயில். மேற்கு மலைத்தொடரில் அவ்வளவு அகன்ற வழி வேறில்லை. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்னும் எல்லை ஊர்களின் வழியே மனிதரும் மாடும் நெல்லும் மொழியும் காலங்காலமாகப் போய்வந்திருக்கின்றன. 1956-ல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது எல்லைக்கோடு புதிதாக நின்றது. அடுக்களைக்குள் அக்கோடு நுழையவில்லை. தமிழர் பானை என்பதை மலையாளத்தார் கலம் என்பர். கலம் என்பது நமக்கும் பழஞ்சொல்லே. பாலக்காட்டு மாவட்டத்துக் குயவர் குடிகளுள் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கின் ஒரு வழக்கு. தெலுங்கில் பானையைக் குண்ட என்பர். ஆக, தெலுங்கு பேசும் கை வனைந்து, மலையாளம் பேசும் சந்தையில் விற்று, தமிழ் பேசும் அடுப்பில் ஏறிய கலம் அது.

புதிய சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றுவதில்லை. நீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சி, சில நாள் மெல்லிய தீயில் வைத்து எடுப்பர். இதனைத் தமிழில் சட்டியைப் பழக்குதல் என்போம்; மலையாளத்தில் சட்டியை மயக்குதல் என்பர். செயல் ஒன்று, கன்றுக்குட்டியைப் பழக்குவது போல ஒரு மொழி நினைக்கிறது, மந்திரம் ஓதி வசப்படுத்துவது போல மற்றொரு மொழி நினைக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் புரியும் நமக்கு இத்தகைய சொற்கள் பொன்னினும் அரியவை. பானை, சட்டி, குடம், கலயம், மொந்தை, முட்டி, தாழி, சால், மடக்கு என்று நாம் அடுக்கும் பெயர்களுக்கெல்லாம் ஆங்கில அகராதி பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்து அமைகிறது. பொருள் கண்ணெதிரே இருக்கும்வரை அப்பெயர்கள் தனித்தனியே வாழும். பொருள் போனபின், நம் அகராதியிலும் 'ஒரு வகை மண்பாண்டம்' என்னும் ஒற்றை விளக்கத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இனி இடுக்கி மலைப்பகுதியைக் காண்போம். குமுளியும் கம்பமெட்டும் போடிமெட்டும் தேனிச் சமவெளியிலிருந்து அம்மலைக்கு ஏறும் வாயில்கள். மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழ் பேசும் குடிகள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பது அவர்தம் மரபுரை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளில், பாண்டி நாட்டுச் சீமைகளிலிருந்து ஏறி வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.

அதே மலையில் நிலத்தைத் தோண்டும்போது முதுமக்கள் தாழிகள் கிடைக்கின்றன. மலையாளத்தார் அவற்றை நன்னங்காடி என்பர். மறையூரில் முனியறைகள் எனப்படும் கற்பதுக்கைகள் இன்றும் நிற்கின்றன. இறந்தவரைத் தாழியில் இட்டுப் புதைத்த வழக்கத்தைப் புறநானூறும் அறியும்; அதன் 228, 256-ஆம் பாடல்கள் குயவனையே விளித்துத் தாழியைப் பற்றிப் பேசுகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தாழி மண்ணுக்கடியில் நமக்காகக் காத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் பாட்டி சோறு வடித்த பானை எங்கும் இல்லை. இம்முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். சுட்ட மண் மக்குவதில்லை என்பது உண்மையே. ஆயின் அடுக்களைப் பானை உடைந்தால் குப்பைமேட்டில் ஓடாகக் கிடக்கும். ஓடு நிலைக்கும், உருவம் நிலைக்காது. புதைத்ததனால் தாழி பிழைத்தது. புழங்கியதனால் பானை அழிந்தது.

மற்றொரு காரணமும் உண்டு. மண்கலம் நெடுந்தூரம் செல்லாது. வைக்கோலில் பொதிந்து வண்டியில் ஏற்றினாலும் பாதை கரடானால் பாதி உடையும். மலைப்பாதையில் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு மண், ஒரு சூளை, ஒரு வடிவம் உடையதாயிற்று. கழுத்தின் உயரமும் வாயின் விரிவும் வயிற்றின் பருமனும் ஊருக்கு ஊர் வேறு. எவர்சில்வர் குடமோ, காசுமீரத்திலும் குமரியிலும் ஒன்றே. ஓர் ஆலை மூடினால் மற்றோர் ஆலை அதே குடத்தை அடித்துத் தரும். ஓர் ஊரின் கடைசிச் சக்கரம் நின்றாலோ, அவ்வூர்ப் பானையின் வடிவம் உலகத்தில் வேறு எங்கும் இல்லாமற் போகும். இன்றைய பேச்சில் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி இதுவே.

சக்கரங்கள் நிற்பதற்குக் காரணங்கள் பல. அலுமினியமும் எவர்சில்வரும் வந்தன. எரிவாயு அடுப்பு வந்தது. அதன் தட்டையான மேடைக்கு உருண்டை அடி பொருந்தவில்லை. மண்ணும் எளிதாகக் கிடைப்பதில்லை. செங்கற் சூளைக்காக வயல்களை ஆழத் தோண்டியதன் கேடும், வயல்களை மேடாக்கிக் கட்டடம் எழுப்பியதன் கேடும் நாடறிந்தவை. நெல்வயல்களைக் காக்க 2008-ல் கேரள அரசாங்கம் சட்டம் இயற்றியது. அதன் நோக்கம் நன்றே. ஆயினும் சில வண்டிக் களிமண் மட்டும் வேண்டி நிற்கும் குயவரும் அக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அனுமதிக்கு அலைய நேர்ந்தது. மழைக்காலத்தில் சூளை எரியாது. அப்போது வருமானமும் இல்லை. பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போகின்றனர்.

அதனைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. நாமே நம் தந்தையர் தொழிலை விட்டு எழுதுகோல் பிடித்து அயலூர் வந்தவர்கள். பானையின் வடிவம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக ஒரு குயவரின் மகன் சக்கரத்தடியிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று கேட்பது நீதியன்று. மீன்சட்டியும் பூந்தொட்டியும் அகல்விளக்கும் இன்றும் விலையாகின்றன. விரும்பி அத்தொழில் செய்வோர் செய்க, நாமும் வாங்குவோம். ஆனால் விலை போகாதவை எத்தனை! தானியம் சேர்த்த குதிர், நீர் நிறைத்த சால், சித்தூர்ப் பக்கத்துப் பனையிலும் தென்னையிலும் தொங்கிய கள்ளுக் கலயம் ஆகியவற்றைச் சந்தை காப்பாற்றாது. இவற்றுக்குச் செய்யத்தக்கது ஒன்றே. வரைந்து வைக்க வேண்டும். பெயரெழுதி வைக்க வேண்டும்.

இப்பணி நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. முன்னே நினைவில் வைத்திருக்க வேண்டிய ரூத் ரீவ்ஸ் அம்மையார், 1956-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று இந்தியா வந்தார். நம் கைவினைகளை ஆராய்வதிலும் கைவினைத் துறைக்கு ஆலோசனை கூறுவதிலும் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். மெழுகுக் கரு வைத்து உலோகம் வார்க்கும் இந்திய முறையைப் பற்றி 1962-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1966-ல் புதுதில்லியிலேயே காலமானார். தம் நாட்டு ஊறுகாய்ச் சாடிகளை வரையச் சொன்னவர், நம் நாட்டுக் கைவினைஞரைத் தேடி வந்து நம் மண்ணிலேயே கண்மூடினார்.

அவர் இங்கு வாழ்ந்த அதே ஆண்டுகளில், பதிவாளர் தலைவர் அசோக் மித்ராவின் வழிகாட்டுதலில் நடந்த 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தலைகளை எண்ணுவதோடு நில்லாமல் கிராமங்களையும் கைவினைகளையும் ஆராய்ந்து தனித்தனி வெளியீடுகள் கொணர்ந்தது. சென்னை, கேரளம் ஆகிய மாநிலங்களுக்கும் அத்தகைய வெளியீடுகள் உண்டு. கருவிகளின் கோட்டோவியங்களையும் தொழில் நுணுக்கங்களையும் அவற்றில் காணலாம். ஆயின் அரசாங்கம் தேர்ந்தெடுத்த கிராமங்கள் சிலவே. உங்கள் ஊர் அதில் இடம்பெறாதிருக்கலாம்.

அமெரிக்கத் தொகுதியிலும் குறைகள் உண்டு; அவற்றையும் நாம் பாடமாகக் கொள்ள வேண்டும். அந்நாட்டின் பழங்குடி மக்கள் வனைந்த கலங்களை அத்தொகுதி சேர்த்துக்கொள்ளவில்லை. பல சாடிகளுக்கு உடைமையாளரின் பெயர் எழுதப்பட்டது. வனைந்தவரின் பெயர் தெரியாமலே போயிற்று. வனைந்தவரின் பெயர் எவ்வளவு அரியது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். தென் கரோலினா மாநிலத்து எட்ஜ்ஃபீல்டு வட்டாரத்தில், 19-ஆம் நூற்றாண்டில், டேவிட் டிரேக் என்னும் கறுப்பின அடிமை ஒருவர் மாபெரும் சாடிகளை வனைந்தார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை அம்மாநிலம் 1834-ல் சட்டத்தால் தடுத்தது. அவரோ ஈரக் களிமண்ணில் தம் பெயரையும் நாளையும், சில சாடிகளில் சிறு கவிதை அடிகளையும் கீறிச் சூளையில் இட்டார். தீயில் வெந்த எழுத்தை எந்தச் சட்டமும் அழிக்க இயலவில்லை.

நம் மண்ணிலும் இத்தகைய எழுத்துண்டு. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே செல்லும் பழைய வணிகப் பெருவழியில், நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கு 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவர்கள் அரசர் அல்லர். கலத்தில் பெயர் பொறித்ததனால் இன்றும் பெயரோடு இருக்கின்றனர்.

ஆதலின் நேயர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு சிறு பணியை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அட்டாலியிலும் தொழுவத்திலும் கிடக்கும் ஒரு பானையைக் கீழே இறக்குங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அளவுகோல் போதும். பானையை இரண்டு பலகைகளுக்கு இடையே நிறுத்தினால் வயிற்றின் அகலம் தெரியும். உயரம், வாயின் விட்டம், விளிம்பின் கனம் ஆகியவற்றை அளந்து குறியுங்கள். வளையும் கம்பி ஒன்றைப் பானையின் உடலோடு அழுத்தி எடுத்துத் தாளில் வைத்தால் அதன் வளைவு அப்படியே கிடைக்கும். தொல்பொருள் ஆராய்வோர் தாளின் நடுவே ஒரு கோடிட்டு, ஒரு பாதியில் வெளித்தோற்றத்தையும் மறு பாதியில் வெட்டிப் பார்த்தது போலச் சுவரின் கனத்தையும் காட்டுவர். நீங்களும் அவ்வாறே செய்யலாம். பள்ளியில் பயிலும் உங்கள் மகளிடம் நீர்வண்ணப் பெட்டி இருக்கும். வண்ணம் தீட்டும் பணியை அவளிடம் ஒப்படையுங்கள். தீப்பட்ட கரியையும் ஒட்டுப்போட்ட விரிசலையும் அவள் விடாமல் தீட்டட்டும்.

இன்று ஒவ்வொரு கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதிற் படமும் எடுங்கள். ஆனால் அது சுவரின் கனத்தைக் காட்டாது; பெயரைக் கேளாது. ஆதலின் தாளின் அடியில் ஐந்து செய்திகள் எழுத வேண்டும். இக்கலத்தின் பெயர் என்ன? எதற்குப் புழங்கினர்? எந்த ஊர்? வனைந்தவர் யார்? நெல் அளந்து வாங்கினரா, காசு கொடுத்தா? பெயரைத் தமிழில் மட்டும் எழுதி நிறுத்தற்க. பக்கத்து வீட்டு மலையாள அம்மாவிடம் அவர் வழங்கும் பெயரைக் கேளுங்கள். குயவர் வீட்டுக்குச் சென்று அவர் மொழியில் என்ன பெயர் என்று கேளுங்கள். அவர் இசைந்தால் அவருடைய பெயரை முதலில் எழுதுங்கள். ஒரு படியை ஊர்ப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுத்து, ஒரு படியை அவருக்கே கொடுங்கள்.

பிற மாநிலங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றும், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்றும், குடத்திலிட்ட விளக்கு என்றும் சொல்லித் தருகிறோம். அப்பழமொழிகளுக்குள் இருக்கும் பானையும் சட்டியும் குடமும் அவர்கள் கண்ணால் கண்டறியாதவை. அவற்றின் உருவத்தையும் பெயரையும் காட்டும் தாள்கள் ஊர்தோறும் பத்து இருந்தால், வனைந்த கை ஓய்ந்தபின்னும் வனைய விரும்பும் மற்றொரு கைக்கு அவை அளவுகோலாகும். அமெரிக்காவில் வேலையிழந்த ஓவியர்கள் வாரக் கூலிக்குச் செய்து வைத்த பணியை, அன்புக்குச் செய்ய நம்மில் ஆளுண்டு. ஊரில் இன்னும் சக்கரம் சுழலும்போதே, பெயர் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே, அதனைத் தொடங்குவோமாக.